மனு ரசீதோடு நின்றுபோகும் வழக்குகள்

பாலியல் வன்கொடுமைச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று யார் ஆரம்பித்தாலும் பேச்சு நேராகத் தண்டனையில் போய்த்தான் நிற்கிறது. தூக்கில் போடு, வெளியே விடாதே என்கிறோம். அந்தக் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காரைக்குடிப் பக்கம் ஒரு பெண் புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கும்போது, அவனுக்குப் பத்து வருடமா பதினான்கு வருடமா என்ற கணக்கு அவள் மனதில் இல்லை. ஸ்டேஷனில் எழுதிக்கொள்வார்களா, ஆஸ்பத்திரியில் என்ன கேட்பார்கள், ஊருக்குத் தெரிந்துவிடுமா என்பவைதான் அவளை நிறுத்துகின்றன. அவள் நடக்கப்போகும் அந்த வழியை ஒவ்வொரு படியாகச் செப்பனிடுவதைத்தான் சட்டத் திருத்தம் என்று சொல்ல வேண்டும்.

கடந்து வந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1972-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே வன்கொடுமைக்கு ஆளானாள். உடம்பில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் காவலர்கள் இருவரையும் விடுவித்தது. அதை எதிர்த்துப் பெண்கள் தெருவில் இறங்கியதால் வந்தது 1983 திருத்தம். 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு அறிக்கை கொடுத்தது, 2013-இல் குற்றத்தின் வரையறை விரிந்தது. உடலால் எதிர்க்கவில்லை என்பதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டத்தில் எழுத்தாக வந்தது அப்போதுதான். 2018-இல் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டிலிருந்து பத்தானது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 2025 ஜனவரியில் நம் சட்டமன்றம் அந்தப் பத்தைப் பதினான்காக்கும் மசோதாவை நிறைவேற்றியது.

இத்தனைக்குப் பிறகும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், விசாரணை முடிந்த வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குச் சுமார் 27-இல்தான் தண்டனை. குற்றம் சாட்டப்பட்டவர் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பது நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலான வழக்குகளில் உண்மை. சிக்கலே இங்கேதான். அவன் மாமன் முறை, பக்கத்து வீடு, சூளைக்காரர், வேலை பார்க்கும் வீட்டு ஆள். இரண்டு குடும்பமும் ஒரே கோயிலில் பொங்கல் வைக்கும். தண்டனை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அழுத்தம் அந்தப் பெண்ணின் மேல் கூடுகிறது: "ஏத்தா, ஒன் ஒரு சொல்லால ஒரு குடும்பமே அழியணுமா? பெரியவுகளை வச்சுப் பேசி முடிச்சிருவோம்." தண்டனையைக் கூட்டிய கையோடு இந்த அழுத்தத்திலிருந்து அவளைக் காக்கும் ஏற்பாட்டையும் கூட்டியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

முதல் படி காவல் நிலையம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. ஆனாலும் புகாரோடு போகிறவர்களுக்குப் பல நேரம் கையில் கிடைப்பது முதல் தகவல் அறிக்கை அல்ல, சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. ரசீது கிடைத்ததும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பதிவாகவில்லை. மனு ரசீதுக்குப் புலன் விசாரணை கிடையாது, கைது கிடையாது, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும் கடமையும் கிடையாது. இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவதற்கே அது பயன்படுகிறது. இரண்டு வாரம் அப்படிப் போனால் உடையில் இருந்த தடயமும் போயிற்று, தெரு முனைக் கடையின் கேமராப் பதிவும் அழிந்து மேலே புதுப் பதிவு ஏறியிருக்கும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவல் சொன்னால் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியாயிற்று. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் பதியலாம் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். நம் பக்கத்துக்கு இது மிக முக்கியம். செட்டிநாடு ஒரே நாடாகப் பேசப்பட்டாலும் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டமாகக் கிடக்கிறது. கானாடுகாத்தான் இந்த மாவட்டம், கடியாபட்டி அந்த மாவட்டம். பொன்னமராவதியில் நடந்ததற்குத் திருப்பத்தூரில் புகார் கொடுக்க வந்தால், "இது புதுக்கோட்டை லிமிட்டும்மா, அங்க போய்க் குடுங்க" என்பார்கள். அந்தப் பதில் இப்போது சட்ட விரோதம்.

புகாரைப் பெண் காவலர்தான் எழுத வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் அவர் வீட்டிலோ அவர் சொல்லும் இடத்திலோ, மொழி பெயர்ப்பவர் அல்லது சிறப்புக் கல்வியாளரை வைத்து, வீடியோவில் பதிய வேண்டும். அறிக்கையின் நகல் இலவசம். அதைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும். நாள், நேரம், இடம், பிரிவு எண் நான்கையும் சரி பாருங்கள். "கையைப் பிடித்து இழுத்தார்" என்று மட்டும் எழுதி நியாய சன்ஹிதாவின் மானபங்கப் பிரிவான 74-இல் நிறுத்தியிருப்பார்கள். நடந்தது அதற்கு மேல் என்றால் அது வன்கொடுமைக்கான 64-ஆம் பிரிவுக்குப் போக வேண்டியது. வெறுந்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடக் கூடாது. பதிய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். மறுத்த அதிகாரிக்கு நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. வழக்குத் தொடர அரசின் முன் அனுமதியும் தேவையில்லை. இப்படி ஒரு பிரிவு இருப்பதை மனுவிலேயே ஒரு வரி எழுதிவிட்டால் பல இடங்களில் பேனா தானாக நகர்கிறது.

இங்கே திருத்தப்பட வேண்டிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டுப் பிறகு பதியலாம் என்று 173-இன் மூன்றாம் உட்பிரிவு புதிதாக இடம் கொடுக்கிறது. வன்கொடுமைக்கு இது பொருந்தாது. ஆனால் 74-ஆம் பிரிவின் மானபங்கத்துக்கு அதிகபட்சம் ஐந்தாண்டு என்பதால் அதற்குப் பொருந்துகிறது. பெண்கள் அன்றாடம் கொடுக்கும் பாலியல் புகார்களில் பெரும்பங்கு இந்த வகைதான். அதற்குப் பதினான்கு நாள் அவகாசம் கொடுப்பது, பேசி முடிப்பதற்குச் சட்டமே நாள் குறித்துக் கொடுப்பது போல ஆகிவிடுகிறது. பெண்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் எதற்கும் இந்த உட்பிரிவு பொருந்தாது என்று ஒரே வரியில் விலக்கு எழுதலாம்.

அடுத்தது ஆஸ்பத்திரி. உண்மையில் இதுவே முதல் படியாகவும் இருக்கலாம். பாதிக்கப்பட்டவர் போலீசுக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போகலாம். போலீஸ் கடிதம் இல்லாமலே சிகிச்சையும் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. தனியார் மருத்துவமனையானாலும் இலவச முதலுதவியும் சிகிச்சையும் தர மறுக்க முடியாது. மறுத்தால் பொறுப்பில் உள்ளவருக்கு நியாய சன்ஹிதாவின் 200-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. "எங்களுக்கு வம்பு வேண்டாம், ஜி.ஹெச்.சுக்குப் போங்க" என்று வாசலோடு அனுப்பும் கிளினிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன, அவர்கள் செய்வது குற்றம் என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

மணிக்கணக்குத்தான் இங்கே எல்லாம். உடலில் இருந்து எடுக்கும் மாதிரிகளுக்கு 96 மணி நேரம் வரை அர்த்தம் உண்டு, சீக்கிரம் எடுக்க எடுக்க நல்லது. கர்ப்பத் தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம், ஐந்து நாள் வரைகூடக் கொடுக்கலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எதையோ குடிக்கக் கொடுத்தார்கள் என்ற சந்தேகம் இருந்தால் ரத்தமும் சிறுநீரும் முதலிலேயே எடுத்துவிட வேண்டும், அந்தப் பொருள் உடம்பில் அதிக நேரம் தங்காது. குளித்துவிட்டாள், துணியைத் துவைத்துவிட்டாள் என்பதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று விடக் கூடாது. குளித்த பிறகும் தடயம் கிடைப்பதுண்டு. கிடைக்காமல் போனாலும் குளித்த விவரம் அறிக்கையில் ஏறினால், தடயம் இல்லாததற்குக் காரணம் பதிவாகிவிடும்.

துணி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கு கெட்டுப்போவது அடிக்கடி இங்கேதான். ஈரத் துணியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிவைப்பது வீட்டாரின் வழக்கம். உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்து, ஆய்வகத்துக்குப் போவதற்குள் அதில் ஒன்றும் மிஞ்சாது. நிழலில் காய வைக்க வேண்டும், வெயிலில் அல்ல. பாவாடை ஒரு காகித உறை, ஜாக்கெட் ஒரு காகித உறை என்று ஒவ்வொன்றும் தனி. மருத்துவர் எடுக்கும் பஞ்சுக் குச்சியும் காற்றில் உலர்ந்த பிறகே உறைக்குள் போக வேண்டும். ஒவ்வொரு உறையிலும் பெயருக்குப் பதில் எண், நாள், நேரம், எடுத்தவர் கையெழுத்து, அரக்கு முத்திரை. யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்ற வரிசை ஓர் இடத்தில் அறுந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். மதுரை மண்டலத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டிய பொட்டலம் நிலையத்து அலமாரியில் வாரக் கணக்கில் கிடந்தால் அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. பரிசோதனை அறிக்கையை மருத்துவர் ஏழு நாளுக்குள் விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 184-ஆம் பிரிவு கெடு வைத்திருக்கிறது. ஆய்வகத்துக்கு அப்படி ஒரு கெடுவே இல்லை. திருத்தம் வேண்டிய இடம் இது: பொட்டலம் எத்தனை மணி நேரத்துக்குள் போக வேண்டும், முடிவு எத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்று இரண்டும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். கெடு மட்டும் வைத்து ஆள் போடாவிட்டால் அதுவும் காகிதம்தான் என்பதால் ஆய்வாளர் பணியிடங்களையும் கூடவே நிரப்ப வேண்டும்.

ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் விபத்துப் பதிவேட்டு நகலைக் கவனியுங்கள். மருத்துவர் அவசரத்தில் "தெரிந்த நபர் ஒருவரால்" என்று எழுதியிருப்பார், எஃப்.ஐ.ஆரில் இரண்டு பேர் என்றிருக்கும். இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும். மருத்துவரிடம் சொல்வதையும் நிதானமாக, விட்டுப்போகாமல் சொல்ல வேண்டும்.

பெண்ணுக்கு முன்பே உறவுப் பழக்கம் உண்டா என்று விரலால் பார்க்கும் இரு விரல் பரிசோதனை தடை செய்யப்பட்டது. 2013-இலேயே உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை அதை உடனே நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அதைச் செய்கிற மருத்துவர் ஒழுங்கீனம் செய்தவராவார் என்று தீர்ப்பளித்தது. யாராவது செய்ய முற்பட்டால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. சம்மதம் இல்லாமல் எந்தப் பரிசோதனையும் கிடையாது. ஒன்றுக்குச் சம்மதித்து இன்னொன்றை மறுக்கலாம், மறுத்ததற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. கர்ப்பமானால் 24 வாரம் வரை கலைக்க 2021 திருத்தம் அனுமதிக்கிறது.

இதன் பிறகு மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம். பழைய 164-ஆம் பிரிவு, சுரக்ஷா சன்ஹிதாவில் 183 ஆகிவிட்டது, ஆனால் கோர்ட்டு வட்டாரத்தில் இன்னும் "ஒன் சிக்ஸ்டி ஃபோர்" என்றுதான் பேச்சு. இயன்றவரை பெண் மாஜிஸ்திரேட். இல்லாவிட்டால் ஒரு பெண் உடனிருக்க ஆண் மாஜிஸ்திரேட். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கூட்டிப்போக வேண்டும், தாமதமானால் காரணத்தை எழுத வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. வாசலில் காத்திருக்கும்போது யார் கூட நிற்கிறார்கள் என்பது பெரிய விஷயம். சமரசம் பேச வந்த உறவுக்காரரே துணைக்கு வந்து நின்றால் உள்ளே போய் அவள் என்ன சொல்லப்போகிறாள்?

இந்த வாக்குமூலத்தில் ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மாற்றுத்திறனாளி கொடுத்தால் அதுவே நீதிமன்றத்தில் முதல் விசாரணையாக எடுத்துக்கொள்ளப்படும். அவர் மறுபடி எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம், குறுக்கு விசாரணைக்கு மட்டும் வந்தால் போதும். இதை ஏன் மாற்றுத்திறனாளிகளோடு நிறுத்த வேண்டும்? ஒரு பெண் நடந்ததை ஸ்டேஷனில் ஒரு முறை, டாக்டரிடம் ஒரு முறை, மாஜிஸ்திரேட்டிடம் ஒரு முறை, பிறகு கூண்டில் ஏறி ஒரு முறை சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறும், மனித நினைவு அப்படித்தான். அந்த மாறிய சொல்லை வைத்தே வழக்கு உடைகிறது. வீடியோவில் பதிந்த ஒரே வாக்குமூலத்தை எல்லாப் பெண்களுக்கும் முதல் விசாரணையாக ஏற்கும்படி 183-ஐத் திருத்தினால், தண்டனையில் கூட்டிய நான்கு ஆண்டைவிட அது அதிகம் செய்யும் என்பது என் உறுதியான எண்ணம்.

வழக்கு சிவகங்கை நீதிமன்றத்துக்குப் போன பிறகு வேறு வகைக் கஷ்டம். காரைக்குடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம். வாய்தா அன்று காலையில் இவள் ஏறும் அதே பஸ்ஸில் அவன் அண்ணனும் ஏறுவார். ஒன்றும் பேச மாட்டார், பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். அது போதும். நீதிமன்ற வராந்தாவில் இரு தரப்பும் ஒரே பெஞ்சுக்கு எதிரெதிரே நிற்கும். அறைக்குள் மூடிய விசாரணை, சரி. சுரக்ஷா சன்ஹிதாவின் 366-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. வராந்தாவுக்கும் பஸ்ஸுக்கும் எந்தப் பிரிவும் இல்லை. எளிதில் பாதிப்புக்குள்ளாகும் சாட்சிகளுக்குத் தனி வாசலும் தனிக் காத்திருப்பு அறையும் கொண்ட சாட்சிய மையம் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாவட்டத் தலைநகரோடு நிற்காமல் வட்ட அளவில் காணொளி வழியாகச் சாட்சி சொல்லும் வசதி வந்தால் தேவகோட்டைப் பெண் தேவகோட்டையிலிருந்தே சொல்லிவிடலாம்.

இப்படிப் பாதுகாப்புக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பொள்ளாச்சி வழக்கு இருக்கிறது. அரசுத் தரப்புச் சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ் சாட்சி ஆகவில்லை. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது கோவை மகளிர் நீதிமன்றம். எதிர்ப்பக்கம் வாச்சாத்தி: அந்த மலைக்கிராமத்துப் பழங்குடிப் பெண்களுக்கு அரசு அதிகாரிகளால் 1992 ஜூனில் நடந்த கொடுமைக்கு 2011-இல் தீர்ப்பு, மேல்முறையீட்டில் 2023 செப்டம்பரில்தான் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இளம் பெண்களாகப் புகார் கொடுத்தவர்கள் நடுவயதைக் கடந்துவிட்டார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 346-ஆம் பிரிவு இன்று சொல்கிறது. முடியாவிட்டால் என்ன என்று அது சொல்லவில்லை. தாமதத்துக்கான காரணத்தை நீதிபதி எழுத்தில் பதிந்து உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்றாவது சேர்க்கலாம்.

நீதிமன்றத்தில் இது அவள் வழக்கே அல்ல, அரசு வழக்கு. அவள் ஒரு சாட்சி மட்டும். சொந்தமாக வக்கீல் வைத்தாலும் அவர் அரசு வக்கீலுக்கு உதவலாம், நீதிமன்ற அனுமதியோடு எழுத்தில் வாதம் கொடுக்கலாம். எழுந்து குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவளுடைய கடந்த கால உறவுகளைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று சாட்சியச் சட்டம் தடுக்கிறது, ஆனால் அந்தக் கேள்வி வரும்போது எழுந்து ஆட்சேபிக்க ஆள் வேண்டுமே. அரசு வக்கீலுக்கு அன்று பத்துக் கட்டு இருக்கும். பாதிக்கப்பட்டவரின் வக்கீல் நேரடியாக ஆட்சேபிக்கவும் வாதாடவும் உரிமை தரும் திருத்தம் அவசியம். இப்போதைக்கு, எந்த வருமானம் உள்ள பெண்ணுக்கும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணிலோ வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ கேட்கலாம்.

சமரசத்துக்கு வருவோம். வன்கொடுமை வழக்கில் சமரசம் சட்டத்தில் கிடையவே கிடையாது. சமரசத்தைக் காட்டித் தண்டனையைக் குறைக்க முடியாது என்று 2013-இலும், குழந்தை மீதான பாலியல் வழக்கைச் சமரசம் காட்டி ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவனுக்கே கட்டி வைத்துவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசுகிறவர்கள், பெண் 18 வயதுக்குக் குறைந்தவள் என்றால், தாங்களே குற்றவாளியாகிறார்கள்: விஷயம் தெரிந்தும் புகார் செய்யாதது போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, குழந்தைத் திருமணம் அதற்கு மேல் தனி வழக்கு. பெரிய பெண் விஷயத்தில்தான் இடைவெளி. பொய் சாட்சி சொல்லும்படி மிரட்டினால் நியாய சன்ஹிதாவின் 232-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் ஊரில் யாரும் மிரட்டுவதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறார்கள், தண்ணீர் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், வரியைத் திருப்பிக் கொடுத்துக் கோயில் முறையிலிருந்து விலக்குகிறார்கள். வழக்கைக் கைவிடச் செய்வதற்காக ஒரு குடும்பத்தை ஊர் விலக்கம் செய்வதைத் தனிக் குற்றமாக எழுத வேண்டும்.

பெரிய வீடுகளில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீளும் வீட்டைப் பெருக்கித் துடைக்க ஒரே ஒரு பெண் தினமும் வருவார். உள்ளே கத்தினால் தெருவுக்குக் கேட்காது. அவர் வேலை செய்யும் வீடு 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பணியிடம்தான். மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவில் அவர் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். முகாந்திரம் இருந்தால் குழு அதை ஏழு நாளுக்குள் போலீசுக்கு அனுப்பியாக வேண்டும். அந்தக் குழு எங்கே உட்காருகிறது, யார் தலைவர் என்று ஆத்தங்குடியில் கல் பதிக்கும் பெண்ணுக்கோ கண்டாங்கித் தறியில் இருக்கும் பெண்ணுக்கோ யார் சொன்னது? ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் எழுதிப்போட வேண்டிய தகவல் அது.

பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடக் கூடாது என்பது நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு, இரண்டாண்டு வரை சிறை. பெயர் மட்டுமல்ல, அடையாளம் காட்டும் எந்த விவரமும் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நம் பக்கம் வீட்டு விலாசம் எனப்படும் குடும்ப முன்னெழுத்தில் இரண்டெழுத்தைச் சொன்னாலே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். "இன்ன தெரு, இன்ன கோயில் பங்காளி வீட்டுப் புள்ள" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறவருக்கு, தான் செய்வது குற்றம் என்று உறைக்க வேண்டும். கசிவு மேலிருந்தும் வருகிறது. 2024 டிசம்பர் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் வெளியானது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். இத்தகைய அறிக்கைகளைப் பொதுத் தளத்தில் ஏற்றக் கூடாது என்று 2016-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அறிக்கை எழுதும்போதே பெயருக்குப் பதில் எண் போடும் முறை வந்தால் கசிந்தாலும் தெரியாது.

சட்டம் இன்னும் கண்ணைத் திறக்காத இடங்களும் உண்டு. கணவன் செய்தால் குற்றமில்லை என்ற விதிவிலக்கு நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவில் அப்படியே தொடர்கிறது. நீக்கச் சொல்லி வர்மா குழு பரிந்துரைத்தும் அரசு ஏற்கவில்லை. பழைய 377-ஆம் பிரிவைப் புதிய சட்டத்தில் முழுவதுமாக விட்டுவிட்டதால், பதினெட்டு வயது முடிந்த ஆண் வன்கொடுமைக்கு ஆளானால் அதற்கென்று ஒரு பிரிவே இல்லை. சமையல் கட்டில் எடுபிடியாக இருக்கும் பையன் பதினேழு வயதில் போக்சோவில் பாதுகாப்பாக இருக்கிறான், அடுத்த பிறந்த நாளில் அது போய்விடுகிறது. திருநங்கையருக்கு 2019-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது, அதில் பாலியல் கொடுமைக்கு அதிகபட்சம் இரண்டாண்டு. ஒரே கொடுமைக்கு ஒருத்திக்குக் குறைந்தது பத்தாண்டு, இன்னொருத்திக்கு அதிகபட்சமே இரண்டு என்பதை எந்த நியாயமும் தாங்காது.

இழப்பீடு தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018 திட்டத்தில் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம். விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ அறிக்கை, வங்கிக் கணக்குப் புத்தகம் இருந்தால் விண்ணப்பம் போடலாம். கணக்கு அவள் பெயரிலேயே இருக்கட்டும். அவசர உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, போலீசுக்கு 112.

டெல்லியில் சட்டம் திருத்தும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்ட நிர்வாகமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யார் பெயரும் இல்லாமல், சில எண்களை மட்டும் வெளியிடட்டும்: பாலியல் புகாரில் எத்தனை மனு ரசீது, அதில் எத்தனை முதல் தகவல் அறிக்கையானது, பொட்டலம் மதுரைக்குப் போக எத்தனை நாள், முடிவு வர எத்தனை நாள், குற்றப்பத்திரிகைக்கு எத்தனை நாள், எத்தனை சாட்சி பிறழ்ந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இதே கேள்விகளை யார் வேண்டுமானாலும் இன்றே அனுப்பலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.